வாசகர் கேள்வி – பதில்: பிளாஸ்டிக் மறுசுழற்சித் தொழிலுக்கு மூலதனம் திரட்டுவது எப்படி?

பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலை தொடங்கப் பணம் திரட்டுவது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: எனக்கு 29 வயது ஆகிறது. இயந்திரவியலில் பட்டயப் படிப்பு முடித்து, பிளாஸ்டிக் வார்ப்பு ஆலை ஒன்றில் வேலை செய்கிறேன். எச்டிபிஇ, பிபி என்னும் பிளாஸ்டிக் வகைகளின் கழிவுகளைக் கழுவி, அரைத்து, ‘தானா’ எனப்படும் சிறு மணிகளாக்கி விற்கும் ஆலையை ஊராட்சிப் பகுதி ஒன்றில் தொடங்க எண்ணுகிறேன். இயந்திரங்களுக்கும் கொட்டகைக்கும் 40 லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன். கையில் 8 லட்சம் இருக்கிறது. மீதியைத் தருவதாகச் சொல்லும் உறவினர் ஒருவர் தொழிலில் பாதிப் பங்கு கேட்கிறார். அவரிடம் வாங்குவதா, வங்கிக்குப் போவதா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வங்கிக்குப் போங்கள். இயந்திரமும் கொட்டகையும் கண்ணுக்குத் தெரியும் சொத்துகள். அவற்றின் பேரில் கடன் கொடுப்பதுதான் வங்கியின் வேலை. கடன் சில ஆண்டுகளில் அடைந்துவிடும். கொடுத்த பங்கு திரும்பி வராது. வங்கி தரக்கூடிய பணத்துக்காகத் தொழிலின் பாதியைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் ஆலையை விரிவாக்கப் பெரிய முதலீட்டாளர் ஒருவர் வரும்போது அவருக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. உறவினருக்கு உண்மையிலேயே உதவும் மனம் இருந்தால், வட்டியும் தவணையும் எழுத்தில் குறித்த கடனாகத் தரும்படி கேளுங்கள்.

உங்கள் திட்டத்துக்குப் பொருந்தும் மானியத் திட்டங்கள் இரண்டு. முதலாவது, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டச் செலவை இது ஏற்கிறது. ஊரகப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம் உண்டு. இரண்டாவது, தமிழ்நாடு அரசின் நீட்ஸ் என்னும் புதிய தொழில்முனைவோர் திட்டம். இதில் திட்டச் செலவு 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை இருக்கலாம். 25 விழுக்காடு முதலீட்டு மானியத்தோடு 3 விழுக்காடு வட்டி மானியமும் கிடைக்கும். ஒரே ஆலைக்கு இரண்டையும் பெற முடியாது. உங்கள் 40 லட்சத்துக்கு, சிறப்புப் பிரிவினராக இருந்தால் மத்தியத் திட்டத்தில் 14 லட்சம் மானியம் வரும்; பொதுப் பிரிவினராக இருந்தால் இரு திட்டங்களிலும் மானியம் 10 லட்சமே என்பதால், வட்டிச் சலுகை தரும் நீட்ஸ்தான் மேல். பட்டியல் இனத்தவரோ பழங்குடியினரோ ஆனால், 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மாவட்டத் தொழில் மையமே வாசல். விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியத்தைக் கையில் வரும் ரொக்கம் என்று எண்ணித் திட்டமிட வேண்டாம். மத்தியத் திட்டத்தில் அந்தத் தொகை மூன்றாண்டுகளுக்கு வங்கியிலேயே வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழிக்கப்படும். நிலத்தின் விலையையும் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. ஈட்டுச் சொத்து இல்லை என்று கிளை மேலாளர் தயங்கினால், சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் பிணையின்றிக் கடன் தரலாம் என்பதை நினைவூட்டி, அந்த உத்தரவாதத்துக்கான கட்டணத்தைக் கட்ட ஆயத்தமாக இருப்பதாகவும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் கேள்வியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் கணக்கில் ஆலையை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் நடைமுறை மூலதனமே இல்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நாளுக்கு 2 டன், மாதம் 25 வேலை நாள், கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கழிவு வாங்க மட்டும் மாதம் 15 லட்சம் ரூபாய் வேண்டும். காயலான் கடைக்காரரும் கழிவு பொறுக்குபவரும் அன்றைக்கே ரொக்கம் கேட்பார்கள். அவர்களுடைய பிழைப்பு அப்படி. தானாவை வாங்கும் வார்ப்பாலையோ 45 நாள் கழித்துத்தான் பணம் தரும். கிடங்கில் 15 நாள் இருப்பு, வெளியில் 45 நாள் பாக்கி என்றால் 30 லட்சம் ரூபாய் எப்போதும் முடங்கியே கிடக்கும். கூலி, மின்கட்டணம், வரி ஆகியவை இதற்கு மேல். நல்ல இயந்திரத்தை வாங்கிவிட்டு, கழிவு வாங்கப் பணமில்லாமல் வாரத்தில் மூன்று நாள் ஆலையைப் பூட்டிவைப்பதுதான் இந்தத் தொழிலில் புதியவர்கள் விழும் குழி. ஆகவே கையிலுள்ள 8 லட்சத்தை இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். திட்டத்தில் உங்கள் பங்கு 5 அல்லது 10 விழுக்காடுதான்; மீதியைக் கழிவு வாங்குவதற்கு ஒதுக்கி வையுங்கள். திட்ட அறிக்கையிலேயே ஒரு சுற்று நடைமுறை மூலதனத்தைச் சேர்த்துக் கேளுங்கள். அதனால் திட்டச் செலவு 50 லட்சத்தைத் தாண்டினால், இயந்திரத்தின் அளவைக் குறைத்து நாளுக்கு 1 டன்னில் தொடங்குங்கள்.

இன்னொரு கணக்கு, சேதாரம். வாங்கிய 100 கிலோவில் ஈரம், மண், லேபிள், வேறு வகை பிளாஸ்டிக் எல்லாம் போக 75 கிலோதான் தேறும் என்றால், கிலோ 30 ரூபாய்க்கு வாங்கிய கழிவின் உண்மையான அடக்கம் 40 ரூபாய். எச்டிபிஇயும் பிபியும் நீரில் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட்டும் குழாய் செய்யும் பிவிசியும் மூழ்கும். அதனால் தொட்டியில் அலசும்போதே பாதி தரம்பிரிப்பு நடந்துவிடும். மிதக்கும் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க அனுபவமுள்ள கைகள் வேண்டும், இல்லையேல் விலையுயர்ந்த கருவி வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் கடைகளிலிருந்தே சில நூறு கிலோ எடுத்து, வேறொருவரின் ஆலையில் கூலிக்கு அரைத்துப் பார்த்துச் சேதாரத்தை எழுதி வையுங்கள். வந்த தானாவைச் சென்னை கிண்டியிலுள்ள சிப்பெட் என்னும் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் சோதித்து, உருகும்போது எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக் காட்டும் உருகோட்ட எண் குறித்த அறிக்கை பெறுங்கள். அந்த அறிக்கையையும், இந்தத் தரத்தில் மாதம் இத்தனை டன் வாங்கிக்கொள்வோம் என்று இரண்டு வார்ப்பாலைகள் தரும் கடிதங்களையும் சேர்த்து வைத்தால், மேலாளர் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் விதமே மாறும். வார்ப்பாலையில் வேலை செய்கிற உங்களுக்கு அந்தக் கடிதங்களைப் பெறுவது மற்றவர்களைவிட எளிது.

மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் கடன் விடுவிக்கப்படாது. மாசின் அளவைப் பொறுத்து வாரியம் பிரித்துள்ள நிற வகைகளில் இத்தொழில் நடுத்தர மாசுக்கான ஆரஞ்சு வகையில் வருகிறது; ஆலை நிறுவ ஓர் இசைவும் இயக்க ஓர் இசைவும் பெற வேண்டும். கழுவும் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் அமைப்பின் செலவைத் திட்டத்தில் காட்டாத விண்ணப்பங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. நிலத்தை ஒப்பந்தம் செய்யும் முன்பே அதன் பயன்பாட்டு வகையைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் தந்தை பல ஆண்டுகளாகக் காயலான் கடை நடத்துகிறார். தினமும் நிறைய பிளாஸ்டிக் வருகிறது. அழுத்திக் கட்டும் பேலிங் இயந்திரமும் அரவை இயந்திரமும் வாங்கக் கடன் கேட்டால், கணக்குப் புத்தகம் இல்லை என்று வங்கியில் மறுத்துவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் முதலீடு செய்ய மாட்டார்களா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலீட்டாளர்கள் தேடும் பொருள் உங்களிடம்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் இயந்திரத்தை யாரும் வாங்கிவிடலாம்; நாள்தோறும் தவறாமல் வந்து சேரும் கழிவு எளிதில் கிடைக்காது. 2013இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட பன்யன் நேஷன் நிறுவனம், உங்கள் தந்தையைப் போன்ற சிறு சேகரிப்பாளர்களைத் தன் கொள்முதலில் இணைத்தே வளர்ந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த சர்க்குலேட் கேப்பிட்டல் போன்ற நிதியங்கள், கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கைத் தடுக்கும் ஆலைகளில் முதலீடு செய்வதற்கென்றே அமைந்தவை; 2020இல் அது தன் முதல் முதலீடுகளில் ஒன்றை இந்தியாவின் லுக்ரோ நிறுவனத்தில்தான் செய்தது. அத்தகைய நிதியங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், அளவில் பெரிய ஆலைகளையே பார்க்கும். எனவே உங்கள் முதல் படி அதுவாக இருக்க முடியாது. ஆனால் அவை கேட்கும் கேள்வியும் உங்கள் வங்கி கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: இந்தக் கழிவு யாரிடமிருந்து, எவ்வளவு, என்ன விலைக்கு வந்தது என்று காட்ட முடியுமா?

அதைக் காட்டும்படி செய்ய ஓராண்டு ஒதுக்குங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும். கழிவு கொண்டுவருபவர் ஒவ்வொருவருக்கும் எடை, வகை, விலை, தேதி குறித்த கொள்முதல் சீட்டு எழுதிக் கையொப்பமோ கைரேகையோ பெறுங்கள். விற்பனை முழுவதையும் வங்கிக் கணக்கு வழியாகவே வாங்குங்கள். வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்யுங்கள். ஜிஎஸ்டி பற்றித் தணிக்கையாளரிடம் தனியே பேச வேண்டும். பிளாஸ்டிக் கழிவுக்கான வரி 2021 அக்டோபரில் 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது; பதிவில்லாத சேகரிப்பாளரிடம் வாங்கும்போது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு ஏதும் கிடையாது என்பதால், விற்கும்போது கட்ட வேண்டிய வரி முழுவதையும் ரொக்கமாகவே செலுத்த நேரும். நேர்மையாகப் பில் போடும் சிறு கடைகளுக்கு இது பெரும் சுமை என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் பில் இல்லாத கடைக்கு வங்கியும் இல்லை, வளர்ச்சியும் இல்லை என்கிற நிலையில் வேறு வழி தெரியவில்லை.

இந்த ஆவணங்களோடு முத்ரா திட்டத்தில் முதலில் பேலிங் இயந்திரத்துக்கு மட்டும் கடன் கேளுங்கள். 10 லட்சம் வரை அதில் கேட்கலாம். முத்ராவின் மேல்நிலைப் பிரிவான தருணில் கடன் வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024இல் அந்த வரம்பு 20 லட்சமாக்கப்பட்டது. அரவை இயந்திரம் அடுத்த கட்டத்தில் வரட்டும். கட்டிய பேலுக்கு உதிரிக் கழிவைவிடப் போக்குவரத்துச் செலவு மிகவும் குறைவு. அந்த மிச்சமே தவணையில் ஒரு பகுதியைக் கட்டிவிடும்.

கேள்வி: உற்பத்தியாளர் பொறுப்புச் சான்றிதழ்களை விற்றே இரண்டு ஆண்டில் கடனை அடைத்துவிடலாம் என்று திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசகர் சொல்கிறார். நம்பலாமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பிளாஸ்டிக்கில் பொதிந்து பொருள் விற்கும் நிறுவனங்கள், அதற்கு ஈடான கழிவு மறுசுழற்சியானதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் வெளியான நெறிமுறைகள் கட்டாயப்படுத்தின. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் தாம் பதப்படுத்திய அளவுக்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் உருவாக்கி, அந்த நிறுவனங்களுக்கு விற்கலாம். ஆனால் அதன் விலை சந்தையைப் பொறுத்து ஏறி இறங்கும். 2023இல் சில ஆலைகள், பதப்படுத்தாத கழிவுக்கும் சேர்த்து லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ் உருவாக்கியது வாரியத்தின் தணிக்கையில் வெளிப்பட்டது. அத்தகைய போலிகள் சந்தையில் புகும்போது உண்மையாக உழைப்பவரின் சான்றிதழுக்கும் விலை விழுகிறது. எனவே தானா விற்பனையை மட்டும் வைத்துத் தவணை கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதே நல்லது.

அதே நெறிமுறைகளில் உங்களுக்கு உறுதியான பயன் தரக்கூடியது வேறொன்று. கெட்டியான பிளாஸ்டிக் பொதிகளில் மறுசுழற்சிப் பொருள் 2025-26இல் 30 விழுக்காடும், படிப்படியாக உயர்ந்து 2028-29இல் 60 விழுக்காடும் இருக்க வேண்டும் என்று அவை நிர்ணயித்துள்ளன. நிறமும் மணமும் ஒரே சீராக உள்ள தானாவுக்கு இதனால் தேவை கூடும். கச்சா எண்ணெய் விலை விழும்போது புதுப் பிளாஸ்டிக் மலிந்து தானாவின் விலையையும் இழுத்துவிடும் என்பதால், இன்றைய விலையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் தவணை கட்ட முடியுமா என்றும் கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பல அடுக்குப் பொட்டல உறைகளைப் பிரித்தெடுக்கும் முறை ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்தில் உருவாக்கியிருக்கிறோம். எங்களுக்கு வங்கிக் கடனா, முதலீட்டாளரா?
— இரு பொறியாளர்கள், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், அரசின் தொடக்க நிதிதான் உங்களுக்குப் பொருந்தும். நிரூபிக்கப்படாத முறைக்கு வங்கி கடன் தராது. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனம் டான்சீட் திட்டத்தில் 10 லட்சமும், பசுமைத் தொழில்நுட்பம், பெண்கள் தலைமையிலான நிறுவனங்கள் போன்றவற்றுக்கு 15 லட்சமும் ஆதார நிதியாகத் தந்து, ஈடாக 3 விழுக்காடு பங்கு பெற்றுக்கொள்கிறது. இதற்கு மத்திய அரசின் புத்தொழில் அங்கீகாரம் தேவை. தனிநபர் உரிமையில் நடக்கும் தொழிலுக்கு அது கிடைக்காது என்பதால் தனியார் நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன், கண்டுபிடிப்பின் காப்புரிமை உங்களுக்கா கல்லூரிக்கா என்பதை எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான். கிடைக்கும் நிதியை அலுவலகத்திலும் விளம்பரத்திலும் செலவிடாமல், நாளுக்கு 100 கிலோவாவது ஓடும் மாதிரி ஆலை அமைத்து, தெருவிலிருந்து வரும் அழுக்கு உறைகளைக் கொண்டே பல மாதம் ஓட்டிக் காட்டுங்கள். ஆய்வகத்தில் சுத்தமான உறையைப் பிரிப்பதும் குழம்பும் எண்ணெயும் ஒட்டிய உறையைப் பிரிப்பதும் வெவ்வேறு வேலைகள்.

கேள்வி: சாலை போடுவதற்கு அரைத்த பிளாஸ்டிக் விற்பதாகச் சொல்லிக் கடன் வாங்க முடியுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் ஊரின் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கி, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முறை இது, சூடான ஜல்லியின் மேல் அரைத்த பிளாஸ்டிக் உருகிப் படியும்படி செய்து, பிறகு தாரோடு கலக்கிறார்கள். கேரிபேக், மெல்லிய உறை போன்ற வேறு எதற்கும் விலைபோகாத கழிவுக்கு இது நல்ல வழி. பிவிசி மட்டும் கலக்கக் கூடாது. ஆனால் சாலைப் பணிக்குப் பருவம் உண்டு. மழைக்காலத்தில் கொள்முதல் நிற்கும், ஒப்பந்தக்காரரின் பணமும் தாமதமாகவே வரும். உத்யம் பதிவுள்ள குறுந்தொழிலிடம் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டியோடு கேட்டு, நிலுவைப் புகார்களுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் முறையிடலாம். அதற்குப் பதிவு விற்பனைக்கு முன்பே இருக்க வேண்டும். சாலைக்கு விற்பதைத் துணை வருமானமாக மட்டும் காட்டி, ஆண்டு முழுவதும் ஓடும் எச்டிபிஇ அல்லது பிபி அரவையை முதன்மையாக வைத்து விண்ணப்பியுங்கள்.