பிரெஞ்சு வினைச்சொற்களின் ஈற்றெழுத்துகள் ஏன் ஒலிப்பதில்லை? அசையை எப்படிப் பிரிப்பது?

அசை என்பது ஓர் உயிரொலியும் அதைச் சார்ந்த மெய்யொலிகளும் சேர்ந்து ஒரே வீச்சில் வரும் துண்டு. பிரெஞ்சில் அதை எழுத்தைப் பார்த்து எண்ணக் கூடாது. காதால் கேட்டுத்தான் எண்ண வேண்டும். 'பேசு' என்னும் பொருளுடைய 'பார்லே' வினையின் நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு இடங்களுக்கும் உரிய வடிவங்கள் 'பார்ல்' என்றே ஒலிக்கும். 'அவர்கள்' வடிவத்தின் கடைசியில் இ, என், டி (e, n, t) என்று மூன்று எழுத்துகள் நின்றாலும் ஒலி மாறாது. பழைய பிரெஞ்சில் ஈற்று டி ஒலித்தது. காலப்போக்கில் பேச்சு அதை உதிர்த்துவிட்டது, எழுத்துமுறையோ அதை விடாமல் காத்து வருகிறது.

உதிர்ந்த ஒலிகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதுதான் இதில் அழகு. பால், ஆறு இரண்டும் சேர்ந்து 'பா-லா-று' ஆவதுபோல, பிரெஞ்சிலும் முன்சொல்லின் மெய் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்து புதிய அசையாகும். 'இல்' (அவன்), 'எம்' (நேசிக்கிறான்) இரண்டும் சேர்ந்து 'இ-லெம்' ஆகும். 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பதில், 'அவர்கள்' என்னும் பிரதிப்பெயரின் ஈற்றிலுள்ள மௌன எஸ் (s) விழித்துக்கொண்டு ஆங்கில இசட் ஒலியாகி, 'இல்-ஸெம்' என்று கேட்கும். இங்கே பன்மையைக் காட்டுவது வினையின் ஈறன்று, அந்த ஒரு மெய்யொலியே. 'அவர்கள் பேசுகிறார்களா?' என்று வினையை முன்னே வைத்துக் கேட்கும்போதும் டி மீண்டு வந்து 'பார்ல்-தில்' ஆகிறது.

இ, என், டி சொல்லின் இறுதியில் வந்தால் எப்போதுமே மௌனம் என்று பலர் நினைக்கிறார்கள். பன்மை வினையீறாக வரும்போது மட்டுமே அப்படி, 'வருகிறான்' என்பதற்கான ஒருமை வினையிலோ டி மட்டும் மௌனமாகி, முன்னிரண்டும் மூக்கொலியாக ஒலிக்கும்.