தோட்டத்துக்கும் போர்ட்டிகோவுக்கும் வரும் பூனைகளை அவற்றுக்குத் தீங்கில்லாமல் தடுப்பது எப்படி?

குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கேரட் பாத்தியைப் பூனைகள் கிளறிப் போடுகின்றன, போர்ட்டிகோ முழுக்க மூத்திர வாடை, பக்கத்து வீட்டில் அந்துருண்டை போடச் சொல்கிறார்கள், ஆனால் பூனைக்கும் எதுவும் ஆகக்கூடாது என்று. நான் கோத்தகிரியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி கேரட், பீட்ரூட், முன்னால் பூந்தொட்டிகள். இதே தொல்லையை இரண்டு வருடம் பட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்துருண்டை வேண்டாம். அது பூனையின் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் கெடுக்கும். பினாயிலும் விஷம்தான். மிளகாய்த்தூள் தூவினால் காலில் ஒட்டி, அது நக்கும்போது வாய்க்கும், முகம் துடைக்கும்போது கண்ணுக்கும் போய்ச் சேரும். காபிச் சக்கையும் கூடாது, அதில் மிச்சமிருக்கும் காஃபீனைப் பூனை தாங்காது. இதையெல்லாம் ஓரளவு கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது தைலத்தைப் பற்றி. ஜலதோஷத்துக்கும் முட்டிவலிக்கும் நம் மலையில் எல்லார் வீட்டிலும் கற்பூர மரத்துத் தைலம், அதாவது யூகலிப்டஸ் எண்ணெய், இருக்கும், நல்லதுதானே என்று போர்ட்டிகோ மிதியடியில் நான்தான் அதைத் தாராளமாகத் தெளித்தேன். அதன்மேல் படுத்துப் பழகிய செவலைக் கடுவன் பூனை அன்றும் வந்து படுத்திருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் வாயில் எச்சில் ஒழுக, கால் தள்ளாட, கார் ஷெட்டில் ஒதுங்கிக் கிடந்தது. கால்நடை மருத்துவர்தான் விளக்கினார்: மனிதக் கல்லீரல் பிரித்து வெளியேற்றிவிடும் இதுபோன்ற பொருள்களைப் பூனையின் கல்லீரலால் அப்படி வெளியேற்ற முடியாது, மேலும் ரோமத்தில் பட்டதை எல்லாம் அது நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும். பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. யூகலிப்டஸ், டீ ட்ரீ, லெமன்கிராஸ், எந்த எண்ணெயாக இருந்தாலும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

தெரிந்தே விஷம் வைப்பவர்களும் நம் தெருக்களில் உண்டு. 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டாரிடம் தன்மையாகச் சொல்லி வையுங்கள்.

சரி, வேறென்ன செய்வது? வாசனையைத் தேடுவதை விட்டுவிட்டு, பூனை எதற்காக வருகிறது என்று நான்கு நாள் கவனியுங்கள். என் பாத்தியில் இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, விதைப்பதற்காகக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிய காய்ந்த மண், பூனைக்கு அதைவிட நல்ல கக்கூஸ் கிடையாது. இரண்டாவது எனக்குத் தோன்றவே இல்லை: மீன் அமிலம். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கரைத்து ஊற்றிய மறுநாள் காலையில் எல்லாம் பாத்தி பாத்தியாகக் கிளறியிருக்கும், நான் அதை முள்ளம்பன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊற்றுவதை நிறுத்தி, மக்கிய சாண உரத்துக்கு மாறிய பிறகு பாதித் தொல்லை குறைந்தது. மீதிக்குக் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலை. விதை போட்டதும் பாத்திமேல் படுக்கையாக விரித்து, ஓரத்தில் கல் வைத்துவிடுங்கள், வெட்டிய முனைகள் மண்ணைப் பார்த்து மடங்கியிருக்கட்டும். கேரட் இலை வலைக் கண் வழியாகவே மேலே வந்துவிடும். பூனைக்கோ மண்ணைத் தோண்ட இடமில்லை, இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுப் போய்விடும். அறுவடைக்கு முன், இலை ரொம்ப அடர்வதற்குள் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தழை மாட்டிக்கொள்ளும். தொட்டிகளுக்கு நான் பைன் காய்களைப் பொறுக்கி வந்து மண் தெரியாமல் அடுக்கினேன். காசு செலவில்லை, காலில் குத்துகிற மாதிரி இருப்பதால் பூனை மிதிக்காது. ஆரஞ்சுத் தோல் போடச் சொல்வார்கள், ஆனால் அது நம் ஊர் மழையிலும் மஞ்சிலும் இரண்டு நாள்கூட நிற்காது.

கூடவே பூனைக்குக் கக்கூஸாக ஓர் இடமும் கொடுங்கள். மழை படாத கூரை ஓரத்தில் இரண்டடிக்கு மணல் கொட்டி, முதல் தடவை அதன் எச்சத்தையே கொஞ்சம் எடுத்துப் போட்டு வைத்தால் பழகிக்கொள்ளும். தினமும் கையுறை போட்டு அள்ளிவிட வேண்டும். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், ஈர மண்ணிலோ மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள். பாத்தியிலிருந்து பிடுங்கிய கேரட்டைத் துடைத்துவிட்டு அப்படியே கடிக்கும் பழக்கம் நம் குழந்தைகளுக்கு உண்டு, நன்றாகக் கழுவித்தான் கொடுக்க வேண்டும்.

போர்ட்டிகோ வாடை பெரும்பாலும் கடுவன் எல்லை குறிப்பதால் வருவது. ப்ளீச்சிங் பவுடர், பினாயில் எல்லாம் அதை நிறுத்தாது. என்சைம் உள்ள துணி சோப்புத்தூளை வெந்நீரில் கரைத்துத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். நிரந்தரமான வழி கருத்தடைதான், செய்த பிறகு பெரும்பாலான கடுவன்கள் இப்படி மூத்திரம் அடிப்பதை விட்டுவிடும். பெட்டைக்கும் செய்தாக வேண்டும். ஐந்தாறு மாதத்திலேயே சினை பிடித்துவிடும், ஒன்பது வாரத்தில் குட்டி. எங்கள் தெருவில் நான்கு வீடு சேர்ந்து பணம் போட்டுச் செய்தோம். சாக்கில் கட்டி எங்கோ கொண்டுபோய் விடுவது வேண்டவே வேண்டாம், அந்தப் பூனை பட்டினியில் தவிக்கும், காலியான இடத்துக்கு வேறொன்று வரும். பிடிக்கும்போது பிராண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பேர்போன பாஸ்டர் ஆய்வகம் இருக்கும் ஊர்க்காரர் நீங்கள், இதை நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

யாராவது இரக்கப்பட்டுப் பால், சோறு வைத்தால் பகலில் வைத்து, தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். இரவில் வெளியே கிடக்கும் சாப்பாட்டுக்குக் கோத்தகிரியில் கரடியே வரும், பூனை கூடும் வாசலைச் சிறுத்தையும் மோப்பம் பிடிக்கும்.

அப்புறம், டிசம்பர், ஜனவரி உறைபனியில் அவை வருவது வெயிலுக்கும் கதகதப்புக்கும்தான். மிதியடியை இரவில் உள்ளே எடுத்துவிட்டு, விறகு ஷெட்டில் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய சாக்குப் போட்டு வைத்தேன், போர்ட்டிகோவை விட்டு அங்கே போய்விட்டன. கார் இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். இன்ஜின் சூட்டுக்கு உள்ளே ஏறிப் படுத்திருக்கும்.