‘கிளெய்ம்’ என்று எழுதுவதா, ‘அசெர்ட்’ என்று எழுதுவதா?

கேள்வி: தமிழியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி வருகிறேன். அறிஞர்களின் கருத்துகளை எடுத்துக்காட்டும் இடங்களில், ஒரே வினை திரும்பத் திரும்ப வரக் கூடாது என்பதற்காக ‘கிளெய்ம்’, ‘அசெர்ட்’, ‘அஃபர்ம்’ என்று மாற்றி மாற்றி எழுதினேன். நெறியாளர் பல இடங்களை வட்டமிட்டு, “இவர் சொல்வதை நீங்கள் ஏற்கவில்லையா?” என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். அகராதியில் இவற்றுக்கு ஏறத்தாழ ஒரே பொருள்தானே இருக்கிறது?

பதில்: அகராதி சொன்னவரின் செயலை விளக்குகிறது, நெறியாளரோ அந்த வினையில் வெளிப்படும் உங்கள் நிலைப்பாட்டைப் பார்க்கிறார். பிறர் கூற்றை எடுத்துரைக்கும் ஆங்கில வினை ஒவ்வொன்றும், அந்தக் கூற்றுக்கு எழுதுகிறவர் எந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஆகவே நடை அழகுக்காக இவற்றை மாற்றிப் போடுவது, நீங்கள் எண்ணாத தீர்ப்புகளை உங்கள் பெயரில் எழுதிவிடுவதாக ஆகும்.

உங்கள் துறையிலிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன். 1816இல், சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், கேம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்குறிப்பில், தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததன்று என்பதை வேர்ச்சொற்களை ஒப்பிட்டுக் காட்டினார். இதை ‘எல்லிஸ் கிளெய்ம்ஸ்’ என்று தொடங்கி எழுதினால், சான்று எதுவும் தராமல் சொல்லிவிட்டார் என்றோ, சான்று தந்தும் உங்களுக்கு ஐயம் தீரவில்லை என்றோதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். சான்று கண்முன் வைக்கப்பட்டு, பிற்கால ஆய்வுகளாலும் உறுதிப்பட்ட முடிவு அது. ‘டெமான்ஸ்ட்ரேட்’ அல்லது ‘ஷோ’ என்பதே அதற்குத் தகும். மாறாக, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், துருக்கி, பின்னிஷ் முதலியவற்றைச் சேர்த்துச் ‘சித்தியன்’ என்று அவர் அழைத்த மொழித்தொகுதியோடு அம்மொழிகளை உறவுபடுத்த முயன்றார். அந்தத் தொகுதிக் கருத்தே இன்று மொழியியலில் வழக்கொழிந்துவிட்டது. அந்த இடத்தில் ‘கிளெய்ம்’ பிழையாகாது. ஆனால் அவர் விரிவாக வாதிட்டிருக்கிறார் என்பதால் ‘ஆர்கியூ’ என்பதையே நான் விரும்புவேன். காரணம் காட்டி வாதிட்டவரைக் காரணம் காட்டாதவர் போலச் சித்திரிப்பது நேர்மையான மேற்கோள் முறை ஆகாது. ஒரே அறிஞர், ஒரே நூல் என்றாலும் கூற்றுக்குக் கூற்று வினை மாறலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

‘அசெர்ட்’ சற்றுக் கடுமையானது. உறுதியான குரலில், சில சமயம் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் சொல்வதை அது குறிக்கிறது. சொல்லப்பட்டது மெய்ப்பிக்கப்பட்டதா என்ற கேள்வியை அது திறந்தே விட்டுவைக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 101ஆம் பிரிவில், சில சங்கதிகள் இருப்பதாக ‘அசெர்ட்’ செய்து தீர்ப்புக் கேட்பவர் அவை இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக வந்து, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்திலும் இந்த நெறி தொடர்கிறது. மெய்ப்பிக்கும் சுமை இன்னும் இறக்கி வைக்கப்படாத கூற்று என்ற இந்தச் சாயல் ஆய்வு நடையிலும் உண்டு. எனவே, “வலியுறுத்துகிறார்” என்று தமிழில் வரும் இடமெல்லாம் ‘அசெர்ட்’ போடாதீர்கள். ஒன்றன் முக்கியத்துவத்தை வலியுறுத்தினால் அது ‘எம்ஃபசைஸ்’. ஒன்றைச் செய்தே தீர வேண்டும் என்று வலியுறுத்தினால் அது ‘இன்சிஸ்ட்’ அல்லது ‘அர்ஜ்’.

‘அஃபர்ம்’ முற்றிலும் வேறு திசையில் செல்கிறது. கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாத அமைச்சர்கள் “உளமார உறுதி கூறுகிறேன்” என்று பதவியேற்கிறார்களே, அதன் ஆங்கில வடிவத்தில் இருப்பது இந்த வினைதான். சொல்பவர் தம்மையே பிணையாக வைக்கிறார். புதிய சான்று எதையும் தருவதில்லை. கீழமை நீதிமன்றத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘அஃபர்ம்’ செய்கிறது என்னும்போதும், ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு ஒப்புதல் தருவதே பொருள். ஆகையால் ஓர் அறிஞர் புதிதாக முன்வைக்கும் கருத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. பிற்கால ஆய்வுகள் எல்லிஸின் முடிவுக்கு மேலும் சான்று சேர்த்தன என்று எழுத விரும்பினால் ‘கன்ஃபர்ம்’ என்று எழுதுங்கள். ‘கன்ஃபர்ம்’ சான்றினால் நிகழ்வது, ‘அஃபர்ம்’ வாக்கினால் நிகழ்வது.

சிந்துவெளி எழுத்தைப் பற்றி எழுதும்போது உங்களுக்கு வேறு இரண்டு வினைகள் தேவைப்படும். அதன் மொழி தொல்திராவிடமே என்ற நிலைப்பாட்டை ஐராவதம் மகாதேவன் மறுப்புகளுக்கு இடையிலும் பல்லாண்டுகள் விடாமல் கொண்டிருந்தார். இதற்கு ‘மெய்ன்டெய்ன்’ மிகப் பொருத்தமானது. அந்தக் குறியீடுகள் மொழியை எழுதும் எழுத்தே அல்ல என்று ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் ஆகியோர் 2004இல் முன்வைத்ததற்கு ‘கன்டென்ட்’ பொருந்தும். எதிர்த்தரப்பு ஒன்று இருக்கிறது, வழக்கு இன்னும் முடியவில்லை என்பது அதில் அடங்கியிருக்கிறது. இரண்டுமே மதிப்புக் குறையாத சொற்கள். ‘அலெஜ்’ என்பதை மட்டும் ஆய்வேட்டில் தொடாமல் விடுங்கள். அது குற்றச்சாட்டுக்கு உரியது.

இலக்கணத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. ‘கிளெய்ம்’ என்பதற்குப் பின் ‘தட்’ தொடரும் வரலாம், ‘டு’ சேர்ந்த வினையும் வரலாம்: ஒருவர் அந்த எழுத்தைப் படித்துவிட்டதாகச் சொல்வதை ‘கிளெய்ம்ஸ் டு ஹேவ் டிசைஃபர்ட்’ என்று எழுதலாம். ‘அசெர்ட்’, ‘அஃபர்ம்’, ‘மெய்ன்டெய்ன்’, ‘கன்டென்ட்’ ஆகியவற்றுக்குப் பின் அப்படி ‘டு’ வராது. ‘தட்’ தொடர்தான் வர வேண்டும்.

தமிழ் ஆய்வு நடையிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் கட்டுரைகளில் “நிறுவுகிறார்” என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். இரண்டு மேற்கோளோடு ஒரு கருத்தைச் சொன்னவரும் அதை நிறுவியவராகிவிடுகிறார். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ‘எஸ்டாப்ளிஷ்’ என்று எழுதினால், அக்கருத்து இனி ஐயத்துக்கு இடமின்றி முடிந்துவிட்டது என்று நீங்களே சான்றளித்ததாகும். வாய்மொழித் தேர்வில் அதற்கு விளக்கம் தர வேண்டியவரும் நீங்கள்தான். இதே போல, ஒருவர் வெறுமனே மறுத்தால் அது ‘டினை’ அல்லது ‘ரிஜெக்ட்’. மறுத்துப் பொய் என்று காட்டினால் மட்டுமே ‘ரெஃப்யூட்’.

நெறியாளர் வட்டமிட்ட ஒவ்வோர் இடத்திலும் முதலில் ‘ஸ்டேட்’ அல்லது ‘ரைட்’ என்ற நடுநிலை வினையைப் போட்டுவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். அதற்கு மேல் நீங்கள் ஒரு மதிப்பீட்டைச் சொல்ல விரும்பினால், அதற்கான காரணத்தை அடுத்த வாக்கியத்தில் எழுத முடிகிற இடத்தில் மட்டும் வினையை மாற்றுங்கள். ஒரே பக்கத்தில் ‘ஸ்டேட்’ நான்கு முறை வந்தால் எந்தத் தேர்வாளரும் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்.