சார்பிட்டால் மிட்டாயும் கண்புரையும்

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. 'சுகர் ஃப்ரீ' மிட்டாயில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சார்பிட்டால்தான் கண் லென்ஸில் தேங்கிப் புரையை உண்டாக்குகிறது என்று படித்தேன். மிட்டாயை நிறுத்திவிடட்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கண்ணை நினைத்து நிறுத்த வேண்டாம். தின்கிற சார்பிட்டாலில் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சும். அதையும் கல்லீரலிலுள்ள சார்பிட்டால் டிஹைட்ரோஜினேஸ் நொதி ஃபிரக்டோஸாக மாற்றிவிடும்.

லென்ஸில் தேங்குவது அங்கேயே உற்பத்தியாவது. லென்ஸுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை; ரத்தத்தில் ஏறினால் அங்கும் ஏறும். அங்குள்ள ஆல்டோஸ் ரிடக்டேஸ் நொதி குளுக்கோஸை எளிதில் பிடிக்காது. அதனால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்வரை அதற்கு அதிக வேலையில்லை. அளவு எகிறினால் குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றித் தள்ளும். அந்த வேகத்துக்கு, சார்பிட்டாலை ஃபிரக்டோஸாக்கும் அடுத்த நொதியால் ஈடுகொடுக்க முடியாது. சார்பிட்டால் செல் சவ்வைச் சுலபமாகத் தாண்டாது என்பதால் உள்ளேயே தங்கி, தண்ணீரை இழுக்கும். லென்ஸ் இழைகள் உப்பும். போதாததற்கு, முதல் நொதி, செல்லின் வேதிவினைகளுக்கு உதவும் என்ஏடிபிஹெச் என்ற பொருளைத் தின்றுவிடுவதால் லென்ஸைக் காக்கும் குளுட்டாதயோனைப் புதுப்பிக்க முடியாமல் போகிறது. எலிகளில் இது வேகமாகப் புரையில் முடியும். மனிதருக்குப் பல ஆண்டுகள் ஆகும். வேறு காரணங்களும் சேரும்.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணாடிப் பவர் மாறுவதும் லென்ஸின் நீரளவு மாறுவதால்தான். மருந்து தொடங்கிய கையோடு புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். அளவு நிலைப்பட்டுச் சில வாரங்கள் போகட்டும்.

மிட்டாயில் கவனிக்க வேண்டியது வயிற்றை. உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும், பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். ஒரு நாளில் 10 கிராமிலேயே சிலருக்கு வயிறு உப்பும்; 20 கிராமைத் தாண்டினால் பலருக்குப் பேதியாகும். லேபிளில் 420 என்ற எண் சார்பிட்டாலைக் குறிக்கும். கிராமுக்கு 2.6 கலோரி இருப்பதால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே ஃபிரக்டோஸ் ஒவ்வாதவர்கள் மட்டும் இதைத் தொடவே கூடாது, கல்லீரல் பாதிக்கப்படும்.

கேள்வி: ஆல்டோஸ் ரிடக்டேஸைத் தடுக்க மாத்திரை உண்டா?
- வாசகர், சேலம்

பதில்: எபால்ரெஸ்டாட் இருக்கிறது. ஜப்பானில் 1992 முதல் பயன்பாட்டில் உள்ளது, இந்தியாவிலும் கிடைக்கிறது. சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்புக்குத்தான் தருகிறார்கள். வழக்கமான அளவு 50 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன். டாக்டர் எழுதித் தந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். இதனால் சிறுநீர் பழுப்பாகவோ சிவப்பாகவோ போகலாம். பயப்பட வேண்டாம், ஆனால் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். கண்புரை முற்றினால் அறுவைச் சிகிச்சைதான் வழி.