மலைக் களி வேறு, கரிசல் களி வேறு

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு மஞ்சளும் வாழையும்தான் விவசாயம். சென்ற வருடம் கொல்லிமலைச் சரிவில் மூன்று ஏக்கர் வாங்கினேன். பழைய சில்வர் ஓக் மரங்களும் பலா மரங்களும் நிற்கின்றன. மிளகும் காப்பியும் வைக்கலாம் என்று குழி எடுத்துப் பார்த்தால், மேலே ஒரு சாண் கறுப்பு மண், அதற்குக் கீழே ஆறடி வரை செக்கச்செவேலென்று களி. கடப்பாரையில் கல்லே தட்டவில்லை. பரிசோதனையில் மண்ணின் அமில, கார அளவைச் சொல்லும் பி.எச். 5.1, அங்ககக் கரிமம் 2.6 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று வந்திருக்கிறது. இவ்வளவு களியில் தண்ணீர் நின்று மிளகுக்கொடி அழுகிவிடாதா? கீழிருந்து மணல் ஏற்றி வந்து கலக்கலாமா? ஜேசிபி வைத்துச் சரிவைப் படிப்படியாக வெட்டச் சொல்கிறார்கள். சுண்ணாம்பு எவ்வளவு போட வேண்டும்?

பதில்: களி என்றதும் உங்களுக்குக் கரிசல்தான் நினைவுக்கு வந்திருக்கும். மழையில் செருப்பைப் பிடித்து இழுக்கும், வெயிலில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அது வேறு மண்ணைப் பற்றிய பயம். கொங்கு நாட்டில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால் சோளக்காட்டுக்கு என்றுதான் பொருள். உண்மையான வனத்து மண்ணோடு நமக்குப் பழக்கம் குறைவு.

முதலில் ஒரு சிறிய காரியம் செய்யுங்கள். ஊரில் யாருடைய கரிசல் வயலிலிருந்தாவது காய்ந்த கட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மலைத் தோட்டத்தின் மேல்மண்ணிலிருந்து அதே அளவில் இன்னொரு கட்டி. இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி டம்ளருக்கு ஒரு கட்டியாக மெல்ல இறக்குங்கள். கரிசல் கட்டி சில நிமிடங்களிலேயே ஓரம் உதிர்ந்து, சரிந்து, தண்ணீரைக் கலக்கிவிடும். மலைக் கட்டி இரண்டு மூன்று குமிழிகளை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். மறுநாள் காலையிலும் பெரும்பாலும் உருக்குலையாமல் இருக்கும்.

கரிசலில் இருப்பது மான்ட்மோரில்லோனைட் வகைக் களி. அதன் தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் உப்பும், வெளியேறினால் சுருங்கும். உங்கள் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். அதன் மேல் காலங்காலமாக மழை இறங்கி, சுண்ணமும் மெக்னீசியமும் கழுவிக்கொண்டு போய்விட்டன, சிலிக்காவிலும் பெரும்பங்கு போய்விட்டது. மிஞ்சியது உப்பாத கயோலினைட் களியும், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும்தான். சிவப்பு நிறம் அந்த இரும்பினுடையது. கொல்லிமலை, சேர்வராயன் மலை உச்சிகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைப்பதற்கும் இதே கழுவல்தான் காரணம். அங்கே அது கடைசிக் கட்டம் வரை போய்விட்டது.

இந்த ஆக்சைடுகள் நுண்ணிய களித் துகள்களைப் பசைபோல ஒட்டிச் சின்னச் சின்ன மணிகளாக ஆக்கிவிடுகின்றன. ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பாருங்கள். முதலில் பொலபொலவென்று, மணலும் களியும் கலந்த ஏதோ இருமண் பாடு போலத் தெரியும். விடாமல் ஐந்து நிமிடம் பிசைந்தால் மணிகள் உடைந்து பிசுபிசுக்கத் தொடங்கும். பிறகு விரலிடையில் அழுத்தினால் நீள நாடாவாக வரும். அவசரத்தில் தொட்டுப் பார்ப்பவர் ‘களி குறைவு’ என்று சொல்வதும், ஆய்வுக்கூடம் ‘களிமண்’ என்று எழுதித் தருவதும் இதனால்தான். இருவர் சொல்வதும் பாதி உண்மை. தண்ணீர் மணிகளுக்கு இடையே மணலில் இறங்குவதுபோல இறங்கும். மணிகளுக்கு உள்ளே களியாகத் தங்கும். ஆறடி ஆழம் இருப்பதால் கோடையில் வேருக்கு எட்டும் ஈரமும் மிச்சமிருக்கும். நம் ஊரில் ஒன்றரை அடியில் சுக்கான் பாறை தட்டும் செம்மண்ணை வைத்துக்கொண்டு பாடுபடுகிறவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனாலும் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்காது. எடுத்த குழியின் சுவரை ஒரு பக்கம் கத்தியால் மழித்து, காலை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே கறுப்பு, பிறகு பழுப்பு, அதன்பின் செங்கல் சிவப்பு என்று மெல்ல மாறினால் நல்லது. சிவப்புக் கட்டிகளை உடைத்தால் முகத்தில் மெழுகு பூசியதுபோல மினுக்கம் தெரியும். மேலிருந்து நீரோடு இறங்கிப் படிந்த களிப்பூச்சு அது. பழைய வேர் அழுகிப்போன துளைகளிலும் மண்புழு வழிகளிலும் கறுப்பு மண் இறங்கியிருக்கும். புது வேர்கள் அந்த வழியில்தான் கீழே போகும். இதற்கு மாறாக, சாம்பல் நிறமும் அதனூடே துருப்புள்ளிகளும் கண்டால் அங்கே வருடத்தில் பல வாரங்கள் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். சரிவின் அடிவாரத்திலும் ஓடையோரத்திலும் இப்படி இருக்கலாம். அங்கே மிளகு வேண்டாம். சேம்பு வையுங்கள், சும்மா விட்டாலும் நட்டமில்லை.

சந்தேகம் தீரவில்லையென்றால் குழியின் அடியில் ஓரடிக்கு ஓரடி இன்னொரு சிறு குழி எடுத்து, மாலையில் இருமுறை தண்ணீர் நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது விடிவதற்குள் இறங்கிவிட்டால் கவலை வேண்டாம்.

மிளகுக் கொடியை ஒரேயடியாகக் கொல்வது பைட்டோப்தோரா என்ற கிருமி கொண்டுவரும் வாடல் நோய். மழைக்காலத்தில் தூரில் தண்ணீர் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். வாழைக்குப் பாத்தி கட்டிய கை உங்களுடையது. மலையில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கொடியின் தூரைச் சுற்றிப் பள்ளம் பறிக்காமல், மண்ணைச் சற்றே மேடாக அணைத்து விடுங்கள். தூரை மண்வெட்டியால் கொத்தவும் வேண்டாம், அறுபட்ட வேர் வழியாக நோய் எளிதில் நுழையும்.

இனி அந்த ஒரு சாண் கறுப்பு மண். உங்கள் மூன்று ஏக்கரின் விலையே அதுதான் என்பேன். கயோலினைட் களிக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைவு. சாம்பல் சத்தையும் (பொட்டாஷ்) சுண்ணத்தையும் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மட்கு. அங்ககக் கரிமம் 0.75 சதவீதத்துக்கு மேல் போனாலே நம் மண் பரிசோதனை அட்டையில் ‘அதிகம்’ என்று வரும். உங்களுக்கு 2.6. மலைக் குளிரும் மர நிழலும் இலைச்சருகை அவசரமில்லாமல் மட்க வைத்ததன் பலன் இது. ஆனால் அந்த மாதிரியை மேல் அரையடியில்தானே எடுத்திருப்பீர்கள்? ஒன்றரை அடியில் இன்னொரு மாதிரி எடுத்துக் கொடுங்கள், எண் சட்டென்று விழுவதைக் காண்பீர்கள். மரத்தை வெட்டி, உழுது, வெயில் படவிட்டால் மேல்மண்ணின் எண்ணும் சில வருடங்களில் சரியத் தொடங்கும்.

ஆகவே ஜேசிபி வேண்டாம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏற்காட்டுச் சரிவில் ஒருவருக்கு ‘படி வெட்டுங்கள், ஈரம் நிற்கும்’ என்று நானே யோசனை சொன்னேன். இயந்திரம் இரண்டு நாளில் அழகாகப் படி வெட்டியது. கறுப்பு மண் முழுவதும் படியின் வெளியோரத்தில் புதைந்து, உள்பக்கம் அடிச்சிவப்பு வெளியே வந்துவிட்டது. நட்ட காப்பிக் கன்றுகள் வெளியோரத்தில் இடுப்பளவு வளர்ந்தபோது உள்பக்கத்தில் முழங்கால் தாண்டவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. தோட்டத்தைக் காட்டி டீ வாங்கிக் கொடுத்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

வேறொரு காரணமும் உண்டு. ஆழமான களிச்சரிவின் அடியை வெட்டி எடுத்தால் மேலே இருப்பதைத் தாங்க ஆளில்லை. தொடர்மழையில் மண் ஊறிக் கனக்கும்போது அது மொத்தமாக இறங்கலாம். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவுகளை மறந்திருக்க மாட்டீர்கள். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு போடுங்கள், இடையிடையே வெட்டிவேர் வையுங்கள், குழிகளை மட்டும் ஆள் வைத்து எடுங்கள். ஒன்றரை அடிக் குழி போதும். கறுப்பு மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்து, மூடும்போது தொழுவுரத்தோடு அதையே வேருக்குப் பக்கத்தில் போடுங்கள். சிவப்பு மண்ணைக் குழிக்குக் கீழ்ப்புறம் அணையாகக் கட்டிவிடலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மரவள்ளி போடுவதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குக் கிழங்கு போகும். அதைப் பிடுங்கும்போது இளகிய மேல்மண் அடுத்த மழையில் ஓடைக்குப் போகும்.

சுண்ணாம்பு போட வேண்டியதுதான். பி.எச். 5.5-க்குக் கீழே போனால் களியிலுள்ள அலுமினியம் கரைந்து வந்து வேர்நுனியைக் கருக்கும். ஆனால் 6-ஐ ஒட்டி நின்றுவிடுங்கள். நம் ஊர்ச் சுண்ணாம்பு மண்ணைப்போல 8-க்கு ஏற்றினால் இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் இலை வெளுக்கும். அளவைப் பி.எச். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மணற்பாங்கான மண்ணில் ஒரு மூட்டை செய்யும் மாற்றத்துக்கு, களியும் மட்கும் நிறைந்த மண்ணில் இரண்டு மூன்று மூட்டைகூட ஆகும். ஆய்வுக்கூடத்தில் ‘சுண்ணாம்புத் தேவை’ என்று தனியாகக் கேட்டால் பார்த்துத் தருவார்கள். மிளகுக்குப் பொதுவான வழக்கம், கொடிக்கு அரைக் கிலோ, ஒரு வருடம் விட்டு ஒரு வருடம், ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் மண் நனைந்ததும். டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் வகை கிடைத்தால் மெக்னீசியமும் சேரும். யூரியாவோடு கலந்து போட்டுவிடாதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகப் போய்விடும். ஒரு மாதம் இடைவெளி விடுங்கள்.

மணிச்சத்து குறைவு என்று வந்ததும் எதிர்பார்த்ததுதான். இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துப் பூட்டிவிடுகின்றன. சூப்பர் பாஸ்பேட்டை நிலமெங்கும் தூவினால் களிக்குத் தீனி போட்டதாகும். அமில மண்ணில் பாறை பாஸ்பேட் மெல்லக் கரைந்து கொடுக்கும், விலையும் குறைவு. தொழுவுரத்தோடு கலந்து வேரருகே வையுங்கள். சுண்ணாம்பு போடும் அதே சமயத்தில் மட்டும் வேண்டாம், அமிலம் குறைந்தால் அது கரையாது.

கடைசியாக மணல். களியில் பத்துக்கு ஒன்று, இரண்டு என்று மணல் கலந்தால் மண் இளகாது. மணிகளுக்கு நடுவேயிருந்த இடைவெளி அடைபட்டு, செங்கல் அறுக்கத் தோதான கலவைதான் கிடைக்கும். உண்மையாகவே இளக வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி போட வேண்டும். அதற்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை லாரி ஏற்றுவீர்கள்? சில்வர் ஓக் சருகை அள்ளி எரிக்காமல் விட்டாலே அந்த வேலை நடக்கும். மணலுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேட்டுவிடுங்கள்.