ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளைச் சேமிக்க எந்தக் குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

எல்லாப் பரிசோதனைக்கும் பொதுவாக ஒரே வகைக் குழாயை வாங்கி வைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆய்வகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்வது, அந்த மாதிரியில் எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான். குழாய்க்குள் இருக்கும் வேதிப்பொருள் ஒன்றைக் காப்பாற்றும்போதே வேறொன்றைக் கெடுத்துவிடும்.

ஊதா மூடிக் குழாயில் உள்ள இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பிணைத்து இரத்தம் உறையாமல் தடுக்கிறது. அணுக்களின் எண்ணிக்கைக்கும் டி.என்.ஏ. பிரித்தெடுக்கவும் அதுவே ஏற்றது. ஆனால் அது பொட்டாசிய உப்பாக இருப்பதால், அதிலிருந்து சிறிதளவு, சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) எடுப்பதற்கான குழாயில் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து, கால்சியம் பொய்யாகக் குறையும். ஆகவே ஊதாக் குழாயில் எடுத்த இரத்தத்தை வேறு குழாயில் ஊற்றி அளவை நிரப்புவதை எந்த அவசரத்திலும் அனுமதிக்கக் கூடாது.

சர்க்கரைப் பரிசோதனையில்தான் கூடுதல் கவனம் தேவை. எடுத்த பிறகும் இரத்த அணுக்கள் குளுக்கோஸை உண்டுகொண்டே இருப்பதால், அறை வெப்பத்தில் அது மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறைகிறது. சாம்பல் மூடிக் குழாயின் ஃபுளோரைடு இதைத் தடுக்கும் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது முழுமையாகச் செயல்பட ஓரிரு மணி நேரமாகும். கர்ப்பிணி ஒருவரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 95 மி.கி. என்றால், 5 சதவீதம் குறைந்தாலே 92 என்ற கர்ப்பகால நீரிழிவின் நோயறி எல்லைக்குக் கீழே போய்விடும். சிட்ரேட் தாங்கல் கரைசல் சேர்த்த குழாய் உடனே வேலை செய்கிறது. அது கிடைக்காத இடத்தில் மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, அரை மணிக்குள் மையவிலக்குக் கருவியில் சுழற்றி, பிளாஸ்மாவை (இரத்தத்தின் அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி) பிரித்துவிடுங்கள்.

உறைதல் பரிசோதனைக்கான நீல மூடிக் குழாயில் 9 பங்கு இரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு இருக்க வேண்டும். குறைவாக நிரம்பிய குழாயை நிராகரித்துவிடலாம்.

மாதக்கணக்கில் சேமிப்பதாக இருந்தால், சீரத்தை அணுக்களிலிருந்து பிரித்துவைக்கும் ஜெல் உள்ள குழாயை அப்படியே உறைய வைக்காமல், சீரத்தைச் சிறு குப்பிகளில் பங்கிட்டு −80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்கும் நிலை அப்போது வராது. பின்னர் டி.என்.ஏ.வைப் பன்மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைச் செய்யும் எண்ணம் இருந்தால், ஹெபாரின் என்ற உறைவுத் தடுப்பான் உள்ள பச்சை மூடிக் குழாயைத் தவிருங்கள். ஹெபாரின் அந்த வினையைத் தடுக்கும். எந்தக் குழாயானாலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெற்றிடம் குறைந்துபோன பழைய குழாய் தேவையான அளவு இரத்தத்தை இழுக்காது.