சட்டைப்பை ரிவால்வர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குறுங்குழல் ரிவால்வர்களைப் பற்றி வந்திருந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். உரிமம் வாங்கித் தர முடியுமா என்று கேட்டவர்கள் அந்தந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையோ மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தையோதான் அணுக வேண்டும். உரிமம் இல்லாமல் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

பனியன் கம்பெனி நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் வாரக் கூலிப் பணத்துடன் வர வேண்டியிருக்கிறது. உரிமம் கிடைத்துவிட்டது. கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் வழக்கமான .32 ரிவால்வரா, எடை குறைந்த நிர்பீக்கா? (திருப்பூர் வாசகர்)

இரண்டிலும் அதே .32 தோட்டா (எண், குண்டின் விட்டம் ஏறத்தாழ எத்தனை அங்குலம் என்பதைக் குறிக்கும்), ஆறு அறைகள், நடுவில் மடித்துத் திறக்கும் பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் பாணியும் ஒன்றே. வழக்கமானது ஏறத்தாழ 700 கிராம். டைட்டானியக் கலவையால் செய்த நிர்பீக் அரைக் கிலோ. சட்டையை வெளியே விட்டுக்கொண்டு இடுப்பு உறையில் வைக்க முடியுமானால், கனமானதை வாங்குங்கள். அந்தக் கூடுதல் 200 கிராம் சுமப்பதற்குத் தொல்லையாகத் தெரியலாம், சுடும்போது அதுதான் உங்கள் பக்கம் நிற்கும். உடையாலோ வேலையாலோ பையில் மட்டும்தான் வைக்க முடியும் என்பவருக்கே சிறியது. எதுவானாலும் டிரிகரை முழுவதும் மூடும் உறை இல்லாமல் வைக்காதீர்கள். ஒன்று கேட்கிறேன்: கூலியை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் இந்தச் செலவே மிஞ்சுமே?

2023இல் வந்த பிரபல் ரிவால்வர் 50 மீட்டர் வரை சுடும் என்கிறார்கள். பழையவை 15, 20 மீட்டர்தானாம். அப்படியானால் அதுதானே சிறந்தது? (மதுரை வாசகர்)

தோட்டா எவ்வளவு தொலைவு போய்ச் சேர்கிறது என்பது ஒரு கணக்கு. உங்கள் கை எவ்வளவு தொலைவில் அடிக்கும் என்பது வேறு கணக்கு. குறுங்குழல் ரிவால்வரை அசையாமல் இடுக்கியில் பூட்டிச் சுட்டால் பெரும்பாலும் நேராகவே சுடும். கையில் எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது: முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே நான்கு விரல்கடை தூரம்தான் இருப்பதால், குறிபார்ப்பதில் நேரும் சிறு பிழையும் தொலைவு கூடக் கூட இலக்கில் பெரிய விலகலாகிறது, போதாக்குறைக்கு, அரைக் கிலோ எடையுள்ள ஆயுதத்தின் டிரிகரை இழுக்க ஐந்து கிலோ விசை தேவைப்படும்போது, அந்த இழுப்பே குழலின் முனையை ஆட்டிவிடுகிறது. ஐந்து மீட்டரில் ஒரு தட்டளவுக்குள் ஆறு தோட்டாவையும் நிதானமாகப் போட முடிந்தால் போதும். பிரபலின் உண்மையான மேம்பாடு, பக்கவாட்டில் திறக்கும் அதன் சிலிண்டர், அதாவது தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை. 50 மீட்டரைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

.32 தோட்டா ஓர் ஆளை வீழ்த்துமா? ஒரே வரியில் சொல்லவும். (சேலம் வாசகர்)

ஒரே வரியில் சொன்னால், நம்ப முடியாது.

இரண்டாவது வரியையும் படிப்பவர்களுக்காக விவரம் சொல்கிறேன். நம் நாட்டில் தனியாருக்குக் கிடைக்கும் .32 லாங் தோட்டாவின் ஆற்றல் 150 ஜூல் அளவில் நிற்கிறது; அமெரிக்கச் சட்டைப்பை ரிவால்வர்களின் .38 ஸ்பெஷல் ஏறக்குறைய அதன் இரு மடங்கு, குறுங்குழலிலிருந்து புறப்படும் .22 ஏறக்குறைய .32இன் பாதி. ஆளைக் கொல்லுமா என்ற கேள்விக்கும், ஆளை அந்த நொடியில் நிறுத்துமா என்ற கேள்விக்கும் விடை வெவ்வேறு. 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அதிபர் ரீகனைச் சுட்டவன் வைத்திருந்தது மலிவான .22 ரிவால்வர், இரண்டு விநாடிக்குள் ஆறு தோட்டாவும் தீர்ந்துவிட்டன, பத்திரிகைச் செயலர் பிரேடி தலையில் பட்டு விழுந்து வாழ்நாள் முழுதும் முடங்கினார், காரில் பட்டுத் தெறித்த குண்டு நுரையீரல் வரை பாய்ந்திருந்தும், தாம் சுடப்பட்டதையே முதலில் உணராத ரீகன், மருத்துவமனை வாசலில் தாமே இறங்கி நடந்து உள்ளே போன பிறகுதான் சரிந்தார். ஒரே ரிவால்வர், ஒரே வகைத் தோட்டா; குண்டு எங்கே, எப்படிப் பட்டது என்பதுதான் வேறு. தற்காப்புக்குச் சுடுபவருக்கு வேண்டியது எதிரி நாளை இறப்பதல்ல, இப்போது நிற்பது. ஆகவே ஒரு குண்டோடு எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணிச் சிறு ரிவால்வரை எடுக்காதீர்கள்.

என் மனைவி பணி முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்புகிறார். பெண்களுக்கென்றே தயாரான எடை குறைந்த ரிவால்வர் இருக்கிறதாமே? என் உரிமத்தில் ஒன்று வாங்கி அவருக்குப் பிறந்தநாள் பரிசாகத் தரலாம் என்றிருக்கிறேன். கைப்பையில் எப்படி வைப்பது? (சென்னை வாசகர்)

இந்தக் கடிதம் ஊர் மாறிப் பெயர் மாறி ஆண்டுதோறும் வருகிறது. முதலில் சட்டம். உங்கள் உரிமத்தில் உள்ள ஆயுதத்தை உங்கள் மனைவி கைப்பையில் எடுத்துச் சென்றால், அது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பழுதுபார்க்கவோ, உரிமத்தைப் புதுப்பிக்கவோ, உரிமதாரரின் பயன்பாட்டுக்காகவோ அவர் முன்னிலையிலோ அவரது எழுத்துப்பூர்வ அனுமதியுடனோ மற்றொருவர் கொண்டு செல்லச் சட்டம் இடம் தருகிறது; அலுவலகம் போய் வர அல்ல. அவருக்கு ஆயுதம் வேண்டுமென்றால் அவர் பெயரில் உரிமம் வேண்டும், பயிற்சியையும் அவர்தான் பெற வேண்டும். அவருடைய விருப்பத்தைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

அடுத்தது, "பெண்களுக்கென்றே" என்ற பேச்சு. டெல்லியில் நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு, 2014இல், நிர்பயாவின் பெயரை நினைவூட்டும் பெயருடன், நகைப் பெட்டி போன்ற அரக்கு நிறப் பெட்டியில், ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய் விலையில் நிர்பீக் வந்தது. அதன் பின் 250 கிராம் எடையில் .22 தோட்டா சுடும் 'நிடர்' ரிவால்வர் வந்தது. ஆயுதம் என்ற அளவில் இவற்றைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எடை குறைந்தது பெண்ணுக்கு எளிது என்று விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரே தோட்டாவைச் சுடும்போது, ஆயுதத்தின் எடை பாதியானால் கைக்கு வரும் உதைப்பின் ஆற்றல் இரு மடங்காகும். இது பள்ளி இயற்பியல், விவாதத்துக்கு இடமில்லை. சிறிய கைப்பிடியைச் சுண்டுவிரல் பற்ற இடமின்றிக் கீழே தொங்கும். ஆயுதம் உள்ளங்கையில் சுழலும். மூன்றாவது தோட்டாவுக்குள் கட்டைவிரலின் அடி கன்றிவிடும். கன்றிய கை அடுத்த முறை சுடுவதற்கு முன்பே நடுங்கும், கண் தானாக மூடும். அதனால்தான் சொல்கிறேன்: சட்டைப்பை ரிவால்வர் நன்கு பழகியவரின் ஆயுதம். புதிதாகத் தொடங்குபவர் ஆணானாலும் பெண்ணானாலும், மாவட்ட ரைஃபிள் கிளப்பில் கனமான .22இல் மாதக் கணக்கில் சுட்டுப் பழகிய பிறகே இதைத் தொட வேண்டும். நம் நாட்டில் ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று உரிமத்திலேயே வரம்பு எழுதிவிடுவதால், சொந்த ரிவால்வரில் சுட்டுப் பழகுவது பெரும்பாலோருக்கு நடப்பதே இல்லை. வாங்கிய அன்று ஆறு, ஆயுத பூஜையன்று பொட்டு, அவ்வளவே.

மூன்றாவதாகக் கைப்பை. நம் ஊர்த் தெருவில் இருசக்கர வாகனத்தில் வருபவன் பறிப்பது சங்கிலியையும் கைப்பையையும்தான். பையோடு ரிவால்வரும் போனால், களவு போன ஆயுதத்துக்காக உங்கள் மனைவி காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும். உரிமமும் நிலைப்பது கடினம். பை தோளிலேயே இருந்தாலும், சாவிக்கொத்து, சீப்பு, கைபேசிச் சார்ஜர் ஆகியவற்றின் அடியில் கிடக்கும் ரிவால்வரை இருட்டில் துழாவி எடுப்பதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடும். உறை இல்லாமல் போட்டால் சாவியோ சீப்போ டிரிகருக்குள் புகுந்து, பைக்குள்ளேயே வெடிக்கவும் கூடும். அந்தப் பணத்தில் ஒரு வருடம் நம்பிக்கையான ஆட்டோவை ஏற்பாடு செய்து கொடுங்கள்.

தாத்தா காலத்து ரிவால்வர் ஒன்று முறைப்படி என் பெயருக்கு மாறிவிட்டது. அதில் என்ன தோட்டா போடலாம்? (தஞ்சாவூர் வாசகர்)

எந்த நாட்டுத் தயாரிப்பு, குழலின் உள்விட்டம் என்ன, குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று ஒன்றுமே எழுதாமல் இதைக் கேட்டால், நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். ".32 தானே, .32 போட்டால் சரி" என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். .32 பிஸ்டல் தோட்டா வேறு, .32 ரிவால்வர் தோட்டா வேறு. பிஸ்டல் தோட்டா நீளத்தில் குட்டை, ஆனால் பல பழைய ரிவால்வர் அறைகளில் வம்பில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும், அழுத்தமோ அந்த ரிவால்வர் தாங்க வேண்டியதைவிடக் கூடுதல். உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் காட்டி, பொறிப்பைப் படித்து, சிலிண்டரின் ஆட்டத்தைச் சோதித்த பிறகே தோட்டா வாங்குங்கள். டிரிகரை இழுத்தாலொழிய ஹேமரை (தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை) தடுத்து நிறுத்தும் தடைக்கட்டை இல்லாத பழைய ரகமாக இருந்தால், ஹேமருக்கு நேரே உள்ள அறையை எப்போதும் காலியாக விடுங்கள். கீழே விழுந்தாலே வெடித்த கதைகள் இந்த ரகத்தவைதாம்.

இங்கே என்னிடம் .38 ஸ்பெஷல் அலுமினியச் சட்டகம் உள்ள ஐந்து தோட்டா ரிவால்வர் இருக்கிறது. அதே அளவில், அதைவிட வலுவான .357 மேக்னம் தோட்டாவைச் சுடும், எடை குறைந்த ஸ்காண்டியக் கலவை மாடலுக்கு மாறலாமா? தானியங்கிப் பிஸ்டலே மேல் என்று நண்பர் சொல்கிறார். (ஹூஸ்டன் தமிழர்)

மாற வேண்டாம். 330 கிராம் எடையில் .357 சுடுவதைக் கையும் விரும்பாது, காதும் விரும்பாது. இரண்டு அங்குலக் குழலில் அந்தத் தோட்டாவின் மருந்து முழுவதும் எரிவதற்குள் குண்டு வெளியேறிவிடுவதால், கூடுதல் சத்தமும் தீப்பிழம்பும் கிடைக்கும் அளவுக்குக் கூடுதல் பலன் கிடைப்பதில்லை. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மிக இலேசான ரிவால்வர் உதைக்கும்போது, மீதமுள்ள அறைகளிலுள்ள தோட்டாக்களின் ஈயக்குண்டு தன் உறையிலிருந்து முன்னே நழுவி, சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, சுழற்சியையே நிறுத்திவிடும். நான்கு சுட்டுவிட்டு ஐந்தாவதை வெளியே எடுத்துப் புதிய தோட்டாவின் அருகே வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் அந்த ரகத் தோட்டா உங்கள் ரிவால்வருக்கு ஆகாது.

உங்கள் நண்பர் பாதி சரி. தட்டையான சிறு பிஸ்டல் கூடுதல் தோட்டா கொள்ளும், மாற்றி நிரப்புவதும் விரைவு. ஆனால் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1950 முதல் செய்துவரும் இந்தச் சிறு சட்டக ரிவால்வர்கள் இன்றும் விற்பதற்குக் காரணம் உண்டு: ஹேமர் உள்ளே மறைந்த மாடலைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடியே சுடலாம், எதிரியின் உடலோடு ஒட்டி அழுத்தினாலும் சுடும், ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலின் மேல்பாகம் துணியில் சிக்கினால் ஒரு தோட்டாவோடு நின்றுபோகும். கட்டிப்புரளும் தொலைவில்தான் ரிவால்வரின் மேன்மை. அந்தப் பையில் ரிவால்வரும் அதன் உறையும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. சில்லறைக் காசு கூட.

சாவிக்கொத்து அளவில் ஐந்து தோட்டா .22 ரிவால்வர் அமெரிக்காவில் விற்கிறதாமே, அது உதவுமா? (கோவை வாசகர்)

நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் செய்வதைச் சொல்கிறீர்கள். எடை சுமார் 130 கிராம். ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னிழுக்க வேண்டும், டிரிகருக்குக் காப்பு வளையம் இல்லை, மறுபடி நிரப்பச் சிலிண்டரையே கழற்ற வேண்டும். கட்டிலின் மறுபுறம் நிற்பவனுக்கு மட்டும். அறையின் மறுமூலையில் நிற்பவனுக்கு அல்ல.

சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடுபவனைச் சுடலாமா? (பெயர், ஊர் இல்லை)

ஓடுபவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் நீதிமன்றம் ஏற்காது. தனிமனிதத் தற்காப்புரிமை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாது என்பது அதன் உயிர்நாடி. பதினொரு பிரிவுகள்தாம், படித்துவிடுங்கள்.

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து மாதங்கள் கழித்துத் திரும்பி வந்த என் ரிவால்வரில் சிலிண்டர் சுழல மறுக்கிறது. (தூத்துக்குடி வாசகர்)

கடற்கரை ஊர், எண்ணெய் தடவாமல் கொடுத்திருப்பீர்கள். முதலில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பாருங்கள். பிறகு திறந்து, வெற்றுத் தோட்டாவை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகட்டை மேலே தூக்கி, அதன் அடிப்புறத்தைப் பல்துலக்கும் பழைய பிரஷால் தேயுங்கள். எரியாத மருந்துத் துகள் ஒன்று, எள்ளளவு கூட வேண்டாம், அங்கே உட்கார்ந்தால் தகடு முழுவதும் படியாமல் உயர்ந்து நிற்கும், சிலிண்டர் சிக்கிக்கொள்ளும். ரிவால்வரைப் பையில் வைப்பவர்களுக்குத் துணிப் பஞ்சும் வியர்வை உப்பும் இதே இடத்தில்தான் சேரும். மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். எண்ணெயை வழிய விடாதீர்கள். அது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்புக்குள் கசிந்தால் வெடிக்க வேண்டிய நேரத்தில் 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்கும். அதன் பிறகும் சுழலாவிட்டால், நீங்களே திருப்புளியைத் தொடாமல் ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

தெருநாய்த் தொல்லைக்குச் சிறு ரிவால்வர் பயன்படுமா? (ஈரோடு வாசகர்)

1890களில் பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுபவர்கள் துரத்தி வரும் நாய்களுக்காகவே 'வெலோ டாக்' என்ற சட்டைப்பை ரிவால்வரை வைத்திருந்தார்கள். குண்டுக்குப் பதிலாக மிளகாய்ப் பொடி அடைத்த தோட்டாவும் அதற்கு விற்றது. இன்று நீங்கள் நாயைச் சுட்டால் அது குற்றம், உரிமமும் போகும். தார்ச்சாலையில் பட்ட குண்டு யார் வீட்டு ஜன்னலுக்குப் போகும் என்றும் சொல்ல முடியாது. நகராட்சிக்கு மனு எழுதுங்கள்.